சாலைக் கடைத்தெருவும் விளம்பரத்தின் வரலாறும்

விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் வரை விளம்பரத்துக்கு வேலை இல்லை. ஊருக்கு ஒரு குயவர், ஒரு தட்டார், ஒரு வாணியர் இருந்த காலத்தில் யாருடைய பானை ஒழுகும், யாருடைய எண்ணெயில் கலப்படம் இருக்கும் என்பது தெருவுக்கே தெரியும். முகம் தெரியாதவர்கள் வந்து போகும் துறைமுகங்களும் பெருநகரங்களும் உருவான பிறகுதான், இங்கே இன்னது கிடைக்கும், நம்பி வாங்கலாம் என்று எதையாவது உயர்த்திக் காட்டவும் உரக்கச் சொல்லவும் வேண்டியதாயிற்று. அன்று முதல் விளம்பரத்தின் கருவிகள் எத்தனையோ மாறியிருக்கின்றன. வாங்குபவர் யாருடைய பேரை நம்பிப் பணத்தை எடுக்கிறார் என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. அரசன், தெய்வம், பத்திரிகை, நடிகை, அரசாங்கம் என்று அந்தப் பேர் காலத்துக்குக் காலம் கைமாறி வந்திருக்கிறது. திருவனந்தபுரம் போன்ற ஒரு நகரத்தில் இந்தக் கைமாற்றம் முழுவதையும் பார்க்க முடியும்.

தமிழில் இதற்கு மிகப் பழைய சான்று பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் காவிரிப்பூம்பட்டினத்தின் கொடிகளை வகைவகையாகக் காட்டுகிறார். கோயில் வாசலில் ஏற்றிய கொடி, வாதுக்கு வரலாம் என்று ஆசிரியர்கள் கட்டிய கொடி, துறையில் நிற்கும் நாவாய்களின் பாய்மரக் கொடி, மீனும் இறைச்சியும் பொரித்துக் கள் விற்கும் வாசலில் பறக்கும் கொடி. இத்தனை கொடிகளின் நிழலில் வெயில் நுழைய இடமில்லை என்கிறார் புலவர். பல தேசத்து மாலுமிகள் இறங்கும் துறையில் எழுத்தால் பயனில்லை. கள்ளுக்கடைக் கொடி எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

இரவில் கொடி தெரியாது. சேர நாட்டு இளங்கோவடிகள் இயற்றியதாக மரபு சொல்லும் சிலப்பதிகாரம் அதற்கான விடையையும் பதிவு செய்திருக்கிறது. கடலாடு காதையில் புகார்க் கடற்கரையின் விளக்குகள் வரிசையாக வருகின்றன: வண்ணமும் சாந்தும் பூவும் விற்பவர்களின் விளக்கு, கம்மியரின் விளக்கு, பிட்டு விற்பவரின் விளக்கு, அப்பம் சுடுபவரின் விளக்கு, மீன் விற்பவரின் விளக்கு. இன்று திருவனந்தபுரத்தின் சங்குமுகம் கடற்கரையில் மாலையில் வரிசை பிடிக்கும் தள்ளுவண்டிகளும் ஒவ்வொன்றாக விளக்கேற்றிக்கொண்டுதான் வியாபாரத்தைத் தொடங்குகின்றன.

குரலால் அறிவிக்கும் முறையை மணிமேகலை காட்டுகிறது. இந்திர விழா தொடங்கப்போகிறது என்பதைச் சொல்ல, வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி நகர் முழுக்க அறைந்து செல்கிறான் முரசறைவோன். தெருவில் புதுமணல் பரப்புங்கள், பந்தலை அலங்கரியுங்கள் என்ற ஏவலும் அந்த அறிவிப்பில் சேர்ந்தே வருகிறது. அங்கே பேசுவது அரசனின் பேர். அதனால் ஆதாரம் கேட்பார் யாருமில்லை.

பொருளை விற்பதற்கென்றே எழுதப்பட்ட சொல் இந்தியாவில் கல்வெட்டு ஒன்றில் கிடைக்கிறது. இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மந்தசோரில் கி.பி. 473ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு அது. தென் குஜராத்தின் லாட நாட்டிலிருந்து குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் சங்கம் தான் கட்டிய சூரியன் கோயிலைப் புதுப்பித்து, அந்தச் செய்தியை வத்சபட்டி என்ற கவிஞரைக் கொண்டு எழுதி வைத்தது. கோயில் பெருமைக்கு நடுவே தங்கள் பட்டின் பெருமையும் நுழைகிறது. இளமையும் அழகும் நகையும் பூவும் எவ்வளவு இருந்தாலும், பட்டு உடுத்தாமல் ஒரு பெண் காதலனைக் காணப் போகமாட்டாள் என்பது அதன் சாரம். விலை இல்லை, அளவு இல்லை, நூலின் தரம் பற்றிய பேச்சும் இல்லை. ஆசையைத் தொட்டுப் பேசுகிறது, அவ்வளவுதான். ஒன்றரை ஆயிரம் ஆண்டுகள் கழித்து ஓணத்துக்கு முந்திய வாரங்களில் பட்டுச்சேலைக் கடைகள் தரும் முழுப்பக்க விளம்பரங்களும் இதே வழியில்தான் பேசுகின்றன. சூரியன் கோயிலின் சுவரில் தங்கள் சரக்கின் புகழைப் பொறித்ததால் அந்த நெசவாளர்களுக்குத் தெய்வத்தின் பேரும் துணைக்கு வந்தது.

ரோமானிய உலகில் இந்த வேலையைச் சுவர் செய்தது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பல் மூடிய பொம்பெய் நகரத்தில் 2,500க்கும் மேற்பட்ட தேர்தல் சுவரெழுத்துகள் கிடைத்திருக்கின்றன. இன்னாரைப் பதவிக்குத் தேர்ந்தெடுங்கள் என்று பழ வியாபாரிகளும் தட்டான்களும் ரொட்டிக்காரர்களும் கேட்டுக்கொள்கிறார்கள். முதலில் சுவருக்கு வெள்ளை அடிப்பார் ஒருவர். அதன் மேல் சிவப்பு அல்லது கறுப்பு வண்ணத்தில் எழுதுவார் இன்னொருவர். தெருவில் கூட்டம் இல்லாத இரவில்தான் வேலை நடக்கும் என்பதால் விளக்குப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். வாள்வீரர் காட்சி ஒன்றுக்கான அறிவிப்பின் ஓரத்தில் எமிலியஸ் கெலர் என்ற எழுத்தர், நிலா வெளிச்சத்தில் தான் தனியாளாக எழுதியதாகக் குறித்து வைத்திருக்கிறார். தொழிலில் பெருமை கொண்ட ஒரு சுவரெழுத்தாளரின் கையொப்பம் இரண்டாயிரம் ஆண்டுகள் தாண்டி வந்திருக்கிறது.

சீனத்தில் சொங் அரச மரபின் காலத்தில் ஜீனான் ஊர் லியு குடும்பத்தின் ஊசிக்கடை செம்புத் தகட்டில் அச்சுக் கட்டை செய்து வைத்திருந்தது. நடுவில் ஒரு வெள்ளை முயல். கடை வாசலில் இருக்கும் வெள்ளை முயலைப் பார்த்து வாருங்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. முயலின் பேரில் ஊசி விற்ற அந்தத் தகட்டை அச்சு விளம்பரத்தின் மூத்த தடயங்களில் ஒன்றாகவும் வணிக முத்திரையின் முன்னோடியாகவும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சாலைக் கம்போளம்

திருவனந்தபுரத்தில் உள்ள, திருவிதாங்கூர் அரசின் தலைமைக் கடைத்தெருவான சாலை, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தர்மராஜா என்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் ஆட்சியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கியது. கிழக்குக் கோட்டைக்கு வெளியே தொடங்கி நீளும் இந்தத் தெருவில் திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுப் பக்கமிருந்து வந்த தமிழ் வணிகர்கள் தொடக்கம் முதல் கடை வைத்தார்கள். இன்றும் சாலைக் கடைகளில் பாதிப் பேச்சு தமிழ். பாத்திரக் கடை நடத்திக்கொண்டே இந்தத் தெருவின் மனிதர்களைக் கதைகளாக எழுதியவர் ஆ. மாதவன். அவருடைய 'கடைத்தெருக் கதைகள்' சாலையைத் தமிழ் இலக்கியத்தில் நிலைநிறுத்தியது. 2015ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருதும் அவருக்குக் கிடைத்தது.

நெடுங்காலம் சாலையில் சரக்கே விளம்பரமாக இருந்தது. வாசலில் குவித்த வற்றல் மிளகாயும் மஞ்சளும், தொங்கவிட்ட ஏத்தன்குலைகளும், கடைப்பையனின் கூவலும் போதும். வாடிக்கையாளருக்குப் பற்று எழுதும் நோட்டு கடையில் இருக்கும். முதலாளியின் முகமே உத்தரவாதம். அரசின் செய்தி என்றால் அது நீட்டு எனப்படும் அரசாணையாக எழுதப்பட்டுப் பறையறைந்து அறிவிக்கப்படும். அரசாணை என்ற எல்லையைத் தாண்டி மக்களை நேரடியாக அழைத்த அறிவிப்பும் உண்டு. 1809 ஜனவரி 11 அன்று வேலுத்தம்பி தளவாய் குண்டறையில் வெளியிட்ட விளம்பரம், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக எழும்படி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டது.

அச்சு வந்த பிறகு

ஐரோப்பாவில் அச்சு எந்திரம் பரவிய சில பத்தாண்டுகளிலேயே விளம்பரம் அதில் ஏறிக்கொண்டது. 1477இல் இங்கிலாந்தில் வில்லியம் கேக்ஸ்டன் தான் அச்சிட்ட வழிபாட்டு நெறிநூலை விற்கச் சிறு துண்டறிக்கை ஒட்டினார். இந்தியாவின் முதல் செய்தித்தாளான ஹிக்கியின் வங்காள கெஜட் 1780 ஜனவரி 29 அன்று கல்கத்தாவில் வந்தபோது அதன் மறுபெயரே கல்கத்தா ஜெனரல் அட்வர்டைசர் என்று இருந்தது. கப்பலில் வந்திறங்கிய சரக்கும் ஏலமும் வாடகை வீடும் அதன் பத்திகளில் இடம் பிடித்தன.

திருவனந்தபுரத்தில் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் அரசு அச்சகம் வந்தது. மலையாளத்தின் முதல் செய்தி இதழ் ராஜ்ய சமாசாரம், ஹெர்மன் குண்டர்ட் வழியாக 1847இல் தலசேரியில் வெளிவந்தது. 1880களின் கடைசியில் தீபிகையும் மலையாள மனோரமாவும் தோன்றின. வக்கம் மௌலவி 1905இல் அஞ்சுதெங்கில் தொடங்கிய சுதேசாபிமானி 1907இல் தலைநகருக்கு இடம் மாறியது. ராமகிருஷ்ண பிள்ளை ஆசிரியராக இருந்து திவானைக் கடுமையாக விமர்சித்ததால் 1910 செப்டம்பரில் அச்சகம் பறிமுதலானது, ஆசிரியர் நாடு கடத்தப்பட்டார். அரசின் கோபத்தைத் தாங்க ஒரு பத்திரிகைக்கு அரசு சாராத வருமானம் வேண்டும். சந்தா மட்டும் அதற்குப் போதாது. வாசகர் கொடுக்கும் காசுக்கு மேல் ஆகும் செலவை விளம்பரதாரர் ஏற்கும் ஏற்பாடு உலகெங்கும் இந்தக் காலத்தில்தான் வேரூன்றியது. செய்தித்தாள் ஏழை வீட்டுக்கும் கட்டுப்படியாகும் விலையில் வந்ததற்கு இதுவே காரணம். கேரளத்தின் வாசிப்புப் பழக்கத்தைப் பாராட்டும்போது அதற்குப் பின்னால் நின்ற தைல விளம்பரங்களையும் புத்தக விளம்பரங்களையும் மறக்கக் கூடாது.

விளம்பரதாரருக்கும் பத்திரிகைக்கும் நடுவில் தரகராக நின்று இடம் பிடித்துக் கொடுக்கும் முகவர்கள் 1840களில் அமெரிக்காவில் தோன்றினார்கள். இந்தியாவில் 1905இல் பம்பாயில் தொடங்கிய பி. தத்தாராம் நிறுவனம் இத்துறையின் மூத்த பெயர். 1929இல் ஜே. வால்டர் தாம்சன் பம்பாய்க்கு வந்தது.

அந்தக் காலப் பத்திரிகைகளில் அதிகம் பேசியவை மருந்துகள். 1902இல் பி.எஸ். வாரியர் கோட்டக்கல் ஆர்ய வைத்தியசாலையைத் தொடங்கினார். அதற்கு முன் 1893இல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் உருவாக்கிய அமிர்தாஞ்சனம் பத்திரிகைக்கு வெளியேயும் ஒரு வழி கண்டது. சென்னைக் கச்சேரிகளுக்கு வரும் ரசிகர்களுக்குத் தைலத்தை இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார்கள். தடவிப் பார்த்தவர்கள் பிறகு காசு கொடுத்து வாங்கினார்கள். தமிழ் இதழியலின் பெரும் வெற்றி ஒன்றும் விளம்பரத் தொழிலிலிருந்து புறப்பட்டதுதான். விளம்பர முகவராகத் தொழில் செய்துகொண்டிருந்த எஸ்.எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை விலைக்கு வாங்கினார். பின்னாளில் ஜெமினி அதிபராக 1948இல் 'சந்திரலேகா'வை வெளியிட்டபோது நாடு முழுக்க அதற்கு அவர் செய்த விளம்பரம் அதுவரை எந்த இந்தியப் படத்துக்கும் நடந்ததில்லை.

சுவரில் தொங்கிய தெய்வங்கள்

படத்தை விளம்பரமாக்கியதில் திருவனந்தபுரத்தின் பங்கு தனியாகச் சொல்லத்தக்கது. இன்றைய திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள கிளிமானூரில் 1848இல் பிறந்த ராஜா ரவிவர்மா, சிறுவனாகத் திருவிதாங்கூர் மன்னர் ஆயில்யம் திருநாளின் அரண்மனைக்கு வந்து ஓவியம் பழகியவர். அவர் படங்களை அரச குடும்பங்களும் பெருந்தனக்காரர்களும் மட்டுமே வாங்க முடிந்தது. ஐரோப்பாவில் வண்ண அச்சு செய்து எல்லோருக்கும் கிடைக்கச் செய்யலாம் என்று 1884இல் அவருக்குக் கடிதம் எழுதியவர் டி. மாதவராவ். திருவிதாங்கூரின் திவானாக முன்பு இருந்தவர். தலைமைச் செயலகத்துக்கு எதிரே நிற்கும் அவருடைய சிலையால்தான் அந்த இடத்துக்கு ஸ்டாச்யூ சந்திப்பு என்ற பெயர்.

1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். லட்சுமியும் சரசுவதியும் சகுந்தலையும் ஒலியோகிராஃப் தாள்களாக எண்ணற்ற வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கோயிலுக்குள் நுழைய அனுமதிக்கப்படாத சாதியினரும் தெய்வத்தின் உருவத்தைச் சொந்த வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள முடிந்தது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச விளம்பரம் வர 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இந்தத் தாள்களின் மதிப்பு விளங்கும். ஆனால் அச்சகம் நஷ்டத்தில் ஓடியது. ஜெர்மன் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைகரின் கைக்கு அது மாறிய பிறகு தெய்வங்களின் காலடியில் வணிகப் பெயர்கள் வந்தன. சோப்பு, குழந்தை மருந்து, சிப்பம் கட்டிய மில் துணி எல்லாவற்றிலும் ரவிவர்மா பாணி முகங்கள் ஒட்டப்பட்டன. மான்செஸ்டர் ஆலைகள் இந்தியாவுக்கு அனுப்பிய துணிச் சிப்பங்களின் சீட்டில் கிருஷ்ணனும் முருகனும் சிரித்தார்கள்.

இந்த வழியின் முழு வளர்ச்சி சிவகாசியில் நடந்தது. தீப்பெட்டிக்கு வண்ணச் சீட்டு அச்சடிக்கத் தொடங்கிய ஊர், அதே அச்சில் நாள்காட்டிக்குள் நுழைந்தது. கோவில்பட்டியில் இருந்த சி. கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் வரைந்த முருகன், லட்சுமி, மீனாட்சி படங்கள் தென்னிந்தியக் கடைகளின் புத்தாண்டுப் பரிசாயின. படத்துக்குக் கீழே கடையின் பெயரும் முகவரியும், அதற்கும் கீழே தேதித் தாள். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டின் மாதிரி ஆல்பங்களை வெளியிடுவது இன்றும் சிவகாசி வழக்கம். விளம்பரம் செய்பவரின் பார்வையில் இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு வேறில்லை. சாலைக் கடையில் ஒரு மளிகைச் சிட்டையோடு கிடைத்த நாள்காட்டி பூஜை அறைக்குப் பக்கத்தில் ஆண்டு முழுக்கத் தொங்கும். ஆண்டு முடிந்தாலும் சாமி படத்தைக் கிழித்து எறிய மனம் வராது. தேதித் தாளை மட்டும் எடுத்துவிட்டுப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டிய வீடுகள் ஏராளம்.

தெய்வத்துக்கு அடுத்தபடியாக நடிகை வந்தார். 1941இல் லீலா சிட்னிஸ் லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் தோன்றினார். அதன் பிறகு இந்தித் திரையுலகிலும் தென்னிந்தியத் திரையுலகிலும் முன்னணிக்கு வந்த கதாநாயகிகளுக்கு அந்தச் சோப்பு ஒரு படிக்கல்லாகவே ஆனது.

குரல் திரும்பி வந்தது

எழுத்தும் படமும் வந்த பிறகும் முரசு ஓயவில்லை. சினிமா அதற்குப் புது வேலை கொடுத்தது. மலையாளத்தின் முதல் படமான ஜே.சி. டேனியலின் 'விகதகுமாரன்' திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையிடப்பட்டது. அதை அடுத்த பத்தாண்டுகளில் படம் மாறும்போதெல்லாம் மாட்டுவண்டியின் இரு பக்கமும் தட்டி கட்டி, செண்டை கொட்டி, நோட்டீஸ் வீசிப் போவது தென் திருவிதாங்கூர் ஊர்களின் வழக்கமாயிற்று. வண்டிக்குப் பின்னால் நோட்டீஸ் பொறுக்க ஓடிய பிள்ளைகள் வழியாகத்தான் பல வீடுகளுக்குள் படத்தின் பெயர் போய்ச் சேர்ந்தது.

வானொலியில் காசு வாங்கி அறிவிப்புச் செய்வது 1922இல் நியூயார்க்கில் தொடங்கியது. திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் 1943 மார்ச் 12 அன்று திருவனந்தபுரத்தில் தொடங்கி 1950 ஏப்ரலில் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. அங்கே விளம்பரத்துக்கு இடமில்லை. விளம்பரம் கேட்க வேண்டுமென்றால் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பைத் திருப்ப வேண்டும். நாகர்கோவில், நெய்யாற்றின்கரைப் பக்கத்து வீடுகளில் பாட்டுக்காக அதைத் திருப்பியவர்களுக்குச் சோப்பும் பற்பசையும் மனப்பாடமாயின. இந்தியாவின் விவித் பாரதி 1967 நவம்பர் 1 அன்றுதான் வர்த்தக விளம்பரத்தை ஏற்றது.

அதே நாளில் திருவனந்தபுரத்தில் இன்னொன்றும் தொடங்கியது. கேரள அரசு தன் முதல் லாட்டரிச் சீட்டை விற்பனைக்கு விட்டது. இ.எம்.எஸ். அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்த பி.கே. குஞ்ஞு கொண்டுவந்த திட்டம் அது. சீட்டு 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய், முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. தனியார் சூதாட்டத்தை யாரும் நம்ப வேண்டியதில்லை, இதை நடத்துவது சர்க்கார் என்பதே அதன் மூலதனம். தமிழ்நாட்டிலும் 1968இல் அரசு லாட்டரி வந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற அதன் முழக்கத்தைவிடக் கூர்மையான விளம்பர வாசகம் தமிழில் குறைவு. பரிசு கிடைக்காதவரின் மனச்சோர்வுக்கும் முன்கூட்டியே ஆறுதல் சொல்லிவிடுகிறது. தமிழ்நாடு 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்தது. கேரளத்தில் அது தொடர்கிறது. 2011இல் வந்த காருண்யா சீட்டின் வருவாய் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கு என்று அறிவிக்கப்பட்டதால், வாங்குவதே ஒரு தர்மம் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. 2022 முதல் ஓணம் பம்பரின் முதல் பரிசு 25 கோடி ரூபாய்.

இந்தச் சீட்டை விற்கும் முறை கேரளத் தெருக்களுக்கே உரியது. பழைய வேன் ஒன்றின் கூரையில் கூம்பு ஒலிபெருக்கி. உள்ளே ஒலிநாடா, பின்னாளில் பென் டிரைவ். நாளைதான் நறுக்கெடுப்பு (குலுக்கல்), நாளைதான் என்று ஒரே ஏற்ற இறக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் குரல் தம்பானூர் பேருந்து நிலையத்திலும் சந்தை முனைகளிலும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பார்வையற்றவர்களும் மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் சீட்டுக் கட்டைப் பலகையில் குத்தி வைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றோ நடந்தோ விற்கிறார்கள். அவர்கள் கையில் சரக்கும் விளம்பரமும் ஒன்றே.

வீட்டுக்குள் வந்த திரை

தொலைக்காட்சியில் உலகின் முதல் விளம்பரம் 1941 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் ஒரு கைக்கடிகாரத்துக்காக வந்தது. இந்தியாவில் தூர்தர்ஷன் 1976 ஜனவரி 1 முதல் விளம்பரம் ஏற்றது. திருவனந்தபுரம் நிலையம் 1985இல் மலையாள ஒளிபரப்பைத் தொடங்கியபோது, ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படத்துக்குக் கூடும் அக்கம்பக்கத்தார் விளம்பரத்தையும் சேர்த்தே பார்த்தார்கள். 1993 ஆகஸ்டில் சசிகுமார் முயற்சியில் இதே நகரத்திலிருந்து மலையாளத்தின் முதல் தனியார் தொலைக்காட்சியான ஏஷியாநெட் புறப்பட்டது. 2000இல் கைரளி வந்தது. விளம்பரத்தை நம்பி மட்டுமே ஓடும் ஊடகம் கேரளத்துக்கு அப்போதுதான் முழுமையாக அறிமுகமாயிற்று. ஓணத்தை ஒட்டித் தங்கம், துணி, வீட்டு உபயோகப் பொருள். மே மாதக் கடைசியில், பள்ளி திறப்பும் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையும் ஒன்றாக வருவதற்கு முன் ஆலப்புழைக் குடை நிறுவனங்கள். மலையாளியின் ஆண்டு இந்த விளம்பரப் பருவங்களோடு பிணைந்துவிட்டது.

ஒரு மாநிலமே தன்னை விற்பனைக்கு வைத்த கதையும் இங்கே உண்டு. 1986இல் கேரளம் சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்தது. 1989இல் சுற்றுலாத் துறைச் செயலர் கே. ஜெயகுமாரின் வேண்டுகோளுக்காக முத்ரா நிறுவனத்தின் வால்டர் மெண்டஸ் அமைத்த 'காட்ஸ் ஓன் கன்ட்ரி' என்ற வாசகம், அதுவரை கோவளம் கடற்கரையால் மட்டும் வெளிநாட்டாருக்குத் தெரிந்திருந்த மாநிலத்துக்கு ஒரே பெயரில் முகவரி கொடுத்தது. திருவனந்தபுரத்தின் ஸ்டார்க் கம்யூனிகேஷன்ஸ் இந்த வாசகத்தைச் சுற்றிப் பல ஆண்டுகள் படங்களும் அச்சு விளம்பரங்களும் செய்தது. பிரகாஷ் வர்மா இயக்கிய 2010ஆம் ஆண்டுப் படம் லண்டனில் அறிமுகமானது. இந்திய மாநிலங்கள் ஒவ்வொன்றும் சுற்றுலாவுக்கு முழக்கம் தேடிக்கொண்டது கேரளத்தைப் பார்த்துத்தான்.

சுவரும் ஃபிளக்ஸும்

தேர்தல் அறிவிக்கப்படுவதற்கு வெகு முன்பே கேரளத்தின் மதில்களில் ஒரு வேலை தொடங்கிவிடும். கட்சித் தொண்டர்கள் சுண்ணாம்பு வாளியோடு வந்து வெள்ளை அடித்து, கட்சியின் பெயர்ச்சுருக்கத்தையும் தேர்தல் ஆண்டையும் எழுதி, இடத்தைப் பிடித்து வைப்பார்கள். பிடித்த சுவரில் மறு கட்சி கை வைக்காது. வேட்பாளர் அறிவிப்பானதும் கைதேர்ந்த எழுத்தர் வந்து நீலத்திலும் சிவப்பிலும் பெயரையும் சின்னத்தையும் வரைவார். எமிலியஸ் கெலர் பொம்பெயில் செய்த அதே வேலை, அதே வரிசையில்.

இந்த எழுத்தர்களின் பிழைப்பைப் பறித்தது ஃபிளக்ஸ். கணினியில் வடிவமைத்து ஒரு மணி நேரத்தில் அச்சாகும் பிளாஸ்டிக் பலகைக்கு முன்னால் தூரிகை நிற்க முடியவில்லை. ஆற்றுக்கால் பொங்கல், பட்டமளிப்பு, திருமணம், கட்சி மாநாடு எல்லாவற்றுக்கும் நடைபாதைகள் பலகைகளால் அடைபட்டன. கேரள உயர் நீதிமன்றம் சட்டவிரோதப் பலகைகளை அகற்றும்படி மீண்டும் மீண்டும் உத்தரவிட்டது. 2019இல் மாநில அரசு பி.வி.சி. ஃபிளக்ஸைத் தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் லாரியில் அடிபட்டு இறந்தார். ஒருவரின் மகிழ்ச்சியை அறிவிக்க இன்னொருவரின் வழியை மறிக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. ஆனாலும் பருத்தித் துணியிலும் மறுசுழற்சி செய்யத்தக்க பொருளிலும் பலகைகள் திரும்பி வந்துவிட்டன. நகராட்சிகளுக்கோ கட்டுப்படுத்த வேண்டிய பொறுப்பு இருக்கிறது, வருமானம் குறைந்துவிட்டது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது உள்ளாட்சிகளின் விளம்பர வரி அதில் கரைந்தது.

சட்டம் விளம்பரத்தைத் தொட்டது சுதந்திரத்துக்குப் பிறகு. தீராத நோயைத் தீர்ப்பதாகச் சொல்லும் மருந்து விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதை எதிர்த்த வழக்கில், இத்தகைய விளம்பரம் பேச்சுரிமையின் பாதுகாப்புக்குள் வராது என்று 1959இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொலைபேசி மஞ்சள் பக்கங்கள் பற்றிய 1995ஆம் ஆண்டு டாடா பிரஸ் வழக்கில் வணிகப் பேச்சுக்கும் அந்த உரிமை உண்டு என்று ஏற்றது. 1985இல் விளம்பரத் தொழிலே தனக்கு ஒரு தர நிர்ணய மன்றத்தை வைத்துக்கொண்டது. 1999இல் பொது இடத்தில் புகைப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் தடுத்தது, 2003ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் புகையிலை விளம்பரத்தை நாடு முழுக்க நிறுத்தியது.

கைபேசித் திரையில்

இணையத்தின் முதல் பட்டை விளம்பரம் 1994 அக்டோபரில் ஓர் அமெரிக்க இணைய இதழில் வந்தது. 2000இல் கூகுள் தேடல் சொல்லுக்கு ஏற்ப விளம்பரம் காட்டத் தொடங்கியது. செய்தித்தாள் விளம்பரம் ஊருக்கெல்லாம் ஒன்றுதான். கைபேசி விளம்பரம் ஆளுக்கு ஆள் வேறு. கழக்கூட்டத்தில் வாடகை வீடு தேடும் டெக்னோபார்க் ஊழியரின் திரையில் வீட்டுக் கடனும் மெத்தையும் வரும், பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு வேறெதுவோ வரும். விளம்பரதாரர் வாங்குவது பத்திரிகையின் இடத்தை அல்ல, இன்ன வயதில் இன்ன ஊரில் இன்னதைத் தேடியவரின் கவனத்தை. சாலைக் கடை முதலாளி வாடிக்கையாளரின் குடும்பத்தை அறிந்து வைத்திருந்தார், வாடிக்கையாளரும் அவரை அறிந்திருந்தார். இப்போது அறிதல் ஒரு பக்கம் மட்டுமே.

இடத்துக்குக் காசு கொடுக்காமலேயே உலகம் முழுக்கப் போய்ச் சேரும் வழியும் இதே திரையில் திறந்தது. 2025 ஜூன் 14 அன்று பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம் ஒன்று திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவசரமாக இறங்கியது. பழுது சரியாகாமல் ஜூலை 22 வரை அங்கேயே நின்றது. ஜூலை தொடக்கத்தில் கேரள சுற்றுலாத் துறை, தென்னை மரங்களுக்கு நடுவே அந்த விமானம் நிற்பதுபோல் ஒரு படத்தை வெளியிட்டு, கேரளம் அருமையான இடம், போக மனமில்லை என்று விமானமே ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் பாராட்டுவதாக எழுதியது. பார்த்தவர்கள் பகிர்ந்தார்கள், வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் அதையே செய்தியாக்கின.

பகிர்பவர் சொன்னால் நம்பலாம் என்ற இந்த மனநிலையில்தான் இன்றைய விளம்பரத்தின் பெரும்பகுதி நடக்கிறது. சமையல் காணொளியின் நடுவே ஒரு மசாலாவைப் பாராட்டுபவர் காசு வாங்கினாரா, மனதாரச் சொல்கிறாரா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்துக்காகப் பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க வழி செய்தது. பரிந்துரைக்கும் முன் உரிய கவனத்தோடு சரிபார்க்க வேண்டும், விற்பவரோடு பண உறவு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. கேரளத்தில் பழைய சட்டத்தின் கீழ் தொடுத்த வழக்கு ஒன்றிலேயே இது பேசப்பட்டுவிட்டது. தலைமுடி வளர்க்கும் கிரீம் ஒன்றை வாங்கி ஏமாந்தவரின் புகாரை விசாரித்த திருச்சூர் மாவட்ட நுகர்வோர் மன்றம், தயாரிப்பாளருக்கும் அதன் விளம்பரத்தில் நடித்த நடிகருக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்து 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அந்தக் கிரீமைத் தாம் பயன்படுத்தியதில்லை என்று நடிகர் விசாரணையில் ஒப்புக்கொண்டிருந்தார்.